பணம் கொடுத்தவனுக்குத் திறக்க உரிமை இல்லையாம்!

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கினால் அது யாருடையது? வாங்கியவனுடையது என்று பச்சைக் குழந்தையும் சொல்லும். "இல்லை, காசு உன்னுடையதாக இருந்தது, அது எங்களிடம் வந்துவிட்டது, பொருளின் உள்பக்கமும் எங்களுடையதே" என்கிறார்கள் பெரிய கம்பெனிக்காரர்கள். இதை அவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை. திருகாணியால் சொல்கிறார்கள், பசையால் சொல்கிறார்கள், ஒப்பந்தப் பத்திரத்தின் பொடி எழுத்தால் சொல்கிறார்கள்.

இதற்கு ஒரு சாட்சியை இன்று வாசகர்கள் முன் நிறுத்துகிறோம். அது பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டி. நடுவில் ஒரு திரை. இரு பக்கமும் பொத்தான்கள். கட்டை விரலால் தள்ளி ஆட்டத்தில் வரும் ஆளை நடத்துவதற்கு இரண்டு சிறு குமிழ்கள். அவ்வளவுதான்.

"கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் எழுத வேண்டிய இடத்தில் விளையாட்டுச் சாமானுக்கு என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இந்தச் சின்னப் பெட்டியை மூடி வைத்திருக்கும் அதே கை, வயலில் ஓடும் டிராக்டரையும் மூடி வைத்திருக்கிறது. பெரிய யந்திரத்தில் நடக்கும் சூழ்ச்சி சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. சின்னப் பெட்டியில் அது பளிச்சென்று தெரியும். ஆகவேதான் இதைத் திறந்து காட்டுகிறோம்.

தொழிலாளி அறிந்த நியாயம்

பஞ்சாலைத் தோழர்களுக்கு ரிங் ஃபிரேமைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. அதில் டிராவலர் என்ற சின்னஞ்சிறு எஃகு வளையம் ஓயாமல் சுற்றுகிறது. நூலைப் பாபினில் சேர்ப்பது அதுதான். சுற்றச் சுற்ற உராய்கிறது, உராய உராயத் தேய்கிறது. தேய்ந்தால் என்ன செய்கிறோம்? பழையதைக் கழற்றிப் புதிய டிராவலர் போடுகிறோம். டிராவலர் தேய்ந்துவிட்டது என்பதற்காக முழு ஃபிரேமையும் குப்பையில் தள்ளுங்கள் என்று எந்த மானேஜராவது உத்தரவு போட்டதுண்டா?

விவசாயத் தொழிலாளர்களுக்கும் இது தெரிந்த விஷயம். கொழு மழுங்கினால் கொல்லன் பட்டறையில் காய்ச்சி அடித்து வாங்கி வருகிறோம். மண்வெட்டியின் காம்பு முறிந்தால் வேறு காம்பு போடுகிறோம். கலப்பையை யாரும் கொளுத்துவதில்லை, மண்வெட்டியை யாரும் கிணற்றில் எறிவதில்லை.

உராய்வது தேயும். இது யந்திரத்தின் இயற்கை; இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் தேயும் பாகத்தைக் கழற்றி மாற்ற வழி வைப்பது யந்திரத்தைச் செய்பவன் கடமை. வழி வைக்காமல் விட்டால் அது அவன் குற்றம். இந்த ஓர் அளவுகோலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பெட்டிக்குள் நுழைவோம்.

மூடிக்கு உள்ளே

ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் 1889-ல் சீட்டுக்கட்டு தயாரிக்க ஆரம்பித்த கம்பெனி நின்டெண்டோ. இன்று வீடியோ கேம் உலகத்தின் பெரும் ஏகபோகங்களில் ஒன்று. 2017 மார்ச் 3-ம் தேதி இந்தக் கம்பெனி "ஸ்விட்ச்" என்ற யந்திரத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் அதன் விலை அப்போது 300 டாலர். உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

இதைத் திருப்பிப் பாருங்கள். பின்மூடியின் நான்கு மூலைகளிலும் திருகாணிகள். அவற்றின் தலை மைனஸும் இல்லை, பிளஸும் இல்லை. மூன்று சிறகு விரித்த மாதிரி ஒரு தினுசு. வீட்டில் இருக்கும் திருப்புளி அதில் உட்காராது. மூன்று சிறகுத் தலை இருந்தால் ஆணி அதிக பலமாகப் பிடிக்கும் என்பதாலா இப்படிச் செய்தார்கள்? அப்படியானால் உள்ளே இருக்கும் ஆணிகளும் அதே தினுசாக இருக்க வேண்டுமே! உள்ளே போனால் சாதாரண பிளஸ் தலை ஆணிகள். அவையும் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. வாசலில் நிற்பவை மட்டும் வேறு ஜாதி. ஏன்? பாகங்களைப் பிடித்துக்கொள்வது அவற்றுக்கு இரண்டாம் வேலை. வாங்கியவனை வெளியே நிறுத்துவதே முதல் வேலை.

மூடியைக் கழற்றினால் உள்ளே மாயமந்திரம் எதுவும் இல்லை. ஓர் உலோகத் தகடு. அதற்கடியில் சூட்டைக் கடத்தும் செம்புக் குழாய். சூட்டை வெளியேற்ற உள்ளங்கையில் பாதியளவுகூட இல்லாத ஒரு மின்விசிறி. என்விடியா கம்பெனியின் டெக்ரா என்ற சில்லு பதித்த பெரிய பலகை. கேம்களைச் சேர்த்து வைக்கும் 32 ஜிபி நினைவகம் தனிப் பலகையில் இருக்கிறது, பிடுங்கி மாற்றலாம். கேம் அட்டை செருகும் வாயும் காதுக்கருவி மாட்டும் துளையும் இன்னொரு சிறு பலகையில் இருக்கின்றன. கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். இவ்வளவும் நல்ல வேலைப்பாடு என்பதை நாம் மறுக்கவில்லை. வடிவமைத்த எஞ்ஜினீயர்களுக்கு ரிப்பேர் என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது.

ஆனால் 4310 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரி பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. மின்சாரம் ஏற்றும் வாய் பெரிய பலகையோடு ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. தினமும் செருகிப் பிடுங்கும் இடம் அது. பாட்டரியோ சில ஆண்டுகளில் சக்தி குறைந்தே தீரும். எவை நிச்சயம் கெடுமோ, அவற்றைத்தான் கழற்ற முடியாமல் வைத்திருக்கிறார்கள்!

தேய்கிற குமிழும் தேயாத லாபமும்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஸ்விட்ச் யந்திரத்தின் இரு பக்கமும் "ஜாய்-கான்" என்ற கைப்பிடிகள் மாட்டப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குமிழ். குமிழுக்கு அடியில் கரிப்பூச்சுள்ள ஒரு மெல்லிய தகடு. குமிழைத் தள்ளும்போது சின்ன உலோக நாக்குகள் அந்தக் கரியின் மேல் உராய்ந்து நகர்கின்றன. நாக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துக் குமிழ் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யந்திரம் தெரிந்துகொள்கிறது. பழைய ரேடியோவில் ஓசையைக் கூட்டிக் குறைக்கும் திருகு என்ன முறையோ அதே முறைதான்.

ஆக, கரியின் மேல் உலோகம் உராய்கிறது. கரி தேய்கிறது, பொடி உதிர்கிறது. நாளடைவில் குமிழை யாரும் தொடாத போதும் ஆட்டத்தில் வரும் ஆள் தன்பாட்டில் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பிக்கிறான். டிராவலர் தேய்ந்த கதைதான்! கெட்டது கட்டை விரல் நுனி அளவுள்ள ஒரு பாகம். கைப்பிடியைத் திறக்கலாமா? அங்கும் மூன்று சிறகு ஆணி காவல் நிற்கிறது. கம்பெனியிடம் அந்தக் குமிழை மட்டும் விலைக்குக் கேட்கலாமா? வாங்கியவன் வீட்டில் தானே மாட்டிக்கொள்ளட்டும் என்று கம்பெனி அதைக் கடையில் வைக்கவில்லை. கடையில் இருந்தது புதிய கைப்பிடி ஜோடி. விலை 80 டாலர். முழு யந்திரத்தின் விலையில் கால் பங்குக்கும் மேல்.

இதோடு நிற்கவில்லை. 2019 செப்டம்பரில் "ஸ்விட்ச் லைட்" என்று ஒரு மலிவு யந்திரம் வந்தது. 200 டாலர். காசு குறைந்தவர்களுக்கான சரக்கு. அதில் கைப்பிடிகளை யந்திரத்தோடு சேர்த்தே செய்துவிட்டார்கள். குமிழ் தேய்ந்தால் முழுப் பெட்டியையும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், அல்லது முழுப் பெட்டியையும் பிரிக்க வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கைப்பிடி மட்டும் போகும்; ஏழை வீட்டுப் பிள்ளைக்கு யந்திரமே போகும். மலிவு என்ற பெயரில் விற்கப்படும் சரக்கில் இந்த அநியாயம் எப்போதும் ஒளிந்திருக்கிறது.

வாங்கியவர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 2019 ஜூலையில் அமெரிக்காவில் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். 2020 ஜூனில் பங்குதாரர்கள் கேள்வி கேட்டபோது கம்பெனித் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா வாடிக்கைக்காரர்களுக்கு நேர்ந்த தொந்தரவுக்காக மன்னிப்புக் கேட்டார். வழக்கு நடப்பதால் விவரம் பேச முடியாது என்று அதே மூச்சில் முடித்துக்கொண்டார். 2021 ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு கிட்டத்தட்ட 25,000 பேரின் புகார்களைத் திரட்டி ஐரோப்பியக் கமிஷன் முன் வைத்தது. புகார் செய்தவர்களில் 100-க்கு 88 பேருடைய கைப்பிடி 2 ஆண்டுக்குள் கெட்டிருந்தது. 2023-ல்தான், உத்தரவாதக் காலம் தாண்டினாலும் இந்தக் கோளாறை ஐரோப்பாவில் இலவசமாகச் சரிசெய்து தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

இது கம்பெனியின் தர்ம சிந்தனையால் வந்ததல்ல. ஒன்று சேர்ந்து கேட்டதால் வந்தது. அதை வரவேற்கிறோம். ஆனால் இலவச ரிப்பேர் வேறு, ரிப்பேர் உரிமை வேறு. இலவசம் என்பது அவன் கொடுக்கும் வரைதான். கொடுப்பதை நிறுத்திய மறுநாள் மூன்று சிறகு ஆணி அப்படியே இருக்கும்.

தேயாத குமிழ் செய்ய வழியே இல்லையா? இருக்கிறது. காந்தத்தை வைத்து, எதுவும் எதையும் தொடாமல் குமிழின் சாய்வை அறியும் முறை ஒன்று உண்டு. 1998-ல் சேகா கம்பெனி வெளியிட்ட டிரீம்காஸ்ட் யந்திரத்தின் கைப்பிடியிலேயே அது இருந்தது. ஜாய்-கானுக்குப் பொருந்தும் காந்தக் குமிழ்களை இன்று வேறு கம்பெனிகள் செய்து விற்கின்றன. 2025 ஜூன் 5-ம் தேதி நின்டெண்டோ "ஸ்விட்ச் 2" என்ற புதிய யந்திரத்தை வெளியிட்டது; விலை 450 டாலர். இத்தனை வழக்குக்கும் மன்னிப்புக்கும் பிறகு அதில் என்ன குமிழ்? அதே உராயும் குமிழ்! அதோடு விட்டார்களா? முன்பு பிடுங்கி மாற்றக்கூடியதாக இருந்த நினைவகத்தையும் இப்போது பெரிய பலகையில் பற்றவைத்துவிட்டார்கள். பாட்டரிக்கு முன்னைவிடப் பலமான பசை.

யந்திரங்களைப் பிரித்துப் பார்த்து ரிப்பேர் வசதிக்கு 10-க்கு இத்தனை என்று மார்க் போடும் அமைப்பு ஒன்று அமெரிக்காவில் உண்டு, பெயர் ஐஃபிக்ஸிட். முதல் ஸ்விட்சுக்கு 2017-ல் 8 மார்க் போட்டது. பிறகு அளவுகோலைக் கடுமையாக்கி அதையே 4 ஆகக் குறைத்தது. ஸ்விட்ச் 2 வாங்கியது 3. பரீட்சையில் மார்க் குறைந்துகொண்டே போகிறது. விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

ரிப்பேர்க்காரன் செய்த யந்திரம்

இதே கம்பெனி ஒரு காலத்தில் வேறு மாதிரி யந்திரமும் செய்தது. அதைச் செய்தவரின் கதையைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1965-ல் நின்டெண்டோவில் குன்பெய் யோகோய் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை? சீட்டுக்கட்டு அச்சிடும் வரிசையில் இருந்த யந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் செய்வது போன்ற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொழுதுபோக்காக அவர் செய்த ஒரு நீட்டுக் கை பொம்மையை முதலாளி பார்த்தார். 1966-ல் அது கம்பெனியின் சரக்காகி லட்சக்கணக்கில் விற்றது. அதே மனிதரின் தலைமையில்தான் 1980-ல் "கேம் அண்ட் வாட்ச்" பிறந்தது. 1989-ல் "கேம் பாய்" பிறந்தது.

அவருடைய கொள்கை, புதிதாகப் பளபளப்பதைத் துரத்தாமல், பழகித் தேறி மலிந்துபோன பாகங்களைப் புது விதமாக உபயோகிப்பது. கேம் பாய் திரையில் வர்ணம் கிடையாது. 8 கிலோபைட் வேலை நினைவகம். 4 சாதாரண பென்சில் பாட்டரி. பாட்டரி தீர்ந்தால் பின்னால் உள்ள சின்ன மூடியை விரல் நகத்தால் தள்ளி, பெட்டிக்கடையில் வாங்கிய பாட்டரியைப் போட்டுக்கொள்ளலாம். எந்த கம்பெனிக்கும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. அதை வர்ணத் திரையோடு பின்னால் வந்த தம்பியையும் சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது. 1990-91 வளைகுடா யுத்தத்தில் குண்டுவீச்சில் கருகி உருகிய ஒரு கேம் பாய், அதற்குப் பிறகும் வேலை செய்தது. நியூயார்க்கில் உள்ள தங்கள் கடையில் கம்பெனிக்காரர்களே அதைப் பல ஆண்டுகள் காட்சிக்கு வைத்துப் பெருமையடித்துக்கொண்டார்கள்.

கேம் பாயைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையை மறைக்க மாட்டோம். கேம் அட்டைகளின் கூட்டில் அந்தக் காலத்திலேயே தனித் தினுசு ஆணி போட்டு மூடித்தான் விற்றார்கள். பூட்டும் புத்தி அன்றே முளைத்துவிட்டது. ஆனால் தீர்ந்து போகும் பாட்டரி வாங்கியவன் கையில் இருந்தது. 1989-ல் விரல் நகத்தால் முடிந்த காரியம் 2025-ல் பசையைச் சூடாக்கிச் சுரண்டினாலும் கஷ்டப்பட்டே முடிகிறது. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

நான்கு சப்பைக்கட்டுகள்

கம்பெனிகளின் தரப்பில் நான்கு வாதங்கள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: "லித்தியம் பாட்டரி ஆபத்தானது. தெரியாதவன் தொட்டால் தீப்பிடிக்கும்." லித்தியம் பாட்டரியைக் குத்தினாலும் வளைத்தாலும் தீப்பிடிக்கலாம் என்பது உண்மை. அப்படியானால் அதைக் குத்தாமல், வளைக்காமல் எடுக்கும்படி அல்லவா வைக்க வேண்டும்? பசை போட்டு ஒட்டியவனே அதைத் தகட்டால் நெம்பி எடுக்கும் நிலையை உண்டாக்கினான். போட்டோ காமிராவில் இருப்பதும் லித்தியம் பாட்டரிதான். மூடியைத் திறந்தால் தானே வெளியே வருகிறது. ஆபத்து பாட்டரியில் பாதி என்றால் பசையில் பாதி.

இரண்டாவது வாதம்: "மெலிதாக, அழகாக, லேசாகச் செய்ய வேண்டுமானால் இப்படித்தான் ஒட்ட வேண்டும்." அப்படியா? 2022 பிப்ரவரியில் வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி "ஸ்டீம் டெக்" என்ற கையடக்க யந்திரத்தை வெளியிட்டது. பின்மூடியில் சாதாரண பிளஸ் ஆணி. குமிழ் தேய்ந்தால் மூன்று ஆணிகளைக் கழற்றி வேறு குமிழ் மாட்டலாம். நினைவகம் ஒற்றை ஆணியில் நிற்கும் தனி அட்டை. யந்திரம் கடைக்கு வருமுன்பே, 2021 அக்டோபரில், அதை எப்படிப் பிரிப்பது என்று கம்பெனியே படம் பிடித்துக் காட்டியது; திறப்பது ஆபத்து என்று எச்சரித்த அதே படத்தில், திறக்க உங்களுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. உதிரி பாகங்களும் விலைக்குக் கிடைத்தன. ஐஃபிக்ஸிட் அதற்கு 7 மார்க் போட்டது. 2023 நவம்பரில் வந்த அடுத்த மாதிரிக்கு 9.

வால்வ் கம்பெனி தர்மசத்திரம் நடத்துகிறது என்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்கும் லாபமே குறி. முதல் மாதிரியில் பாட்டரியை அவர்களும் பசை போட்டுத்தான் ஒட்டினார்கள். ஸ்டீம் டெக் ஸ்விட்சைவிடப் பருமன் என்பதும் மெய். ஆனால் ஆணியின் தலையைப் பிளஸ் ஆக்கினால் யந்திரம் எவ்வளவு பருத்துவிடும்? குமிழைத் தனியாகக் கடையில் விற்றால் எடை எவ்வளவு கூடிவிடும்? "முடியாது" என்று ஒருவன் சொன்னதை இன்னொருவன் செய்து காட்டிவிட்டான். மனமில்லை என்பதே உண்மை.

மூன்றாவது வாதம்: "திறக்க விட்டால் கேம்களைத் திருடிப் பிரதி எடுப்பார்கள்." பிரதி எடுப்பதைத் தடுப்பது யந்திரத்துக்குள் இருக்கும் ரகசியக் குறியீட்டுப் பூட்டு. அது மின்னணுப் பூட்டு. குமிழிலும் இல்லை, பாட்டரியிலும் இல்லை. தேய்ந்த குமிழை மாற்றுகிற தாய் எந்தக் கேமைத் திருடினாள்? கிராமத்தில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது என்பதற்காக ஊரார் எல்லோருடைய வீட்டுக் கதவையும் வெளியிலிருந்து பூட்டுவதா?

நான்காவது வாதம்: "உத்தரவாதம் தருகிறோமே, எங்களிடம் கொண்டு வா." உத்தரவாதம் என்ற சொல்லை இவர்கள் எப்படி உபயோகித்தார்கள்? வேறு பாகம் போட்டாலோ ஸ்டிக்கரைக் கிழித்தாலோ உத்தரவாதம் செல்லாது என்று பயமுறுத்தும் வழக்கம் சட்டவிரோதமாகக்கூடும் என்று 2018 ஏப்ரலில் அமெரிக்க வர்த்தகக் கமிஷன் ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்த ஆறில் நின்டெண்டோவும் ஒன்று, சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் கூட. 1975-லிருந்தே அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இருந்தும், 43 ஆண்டுக்குப் பிறகும் பயமுறுத்தல் நடந்தது. 2025 மே மாதம் நின்டெண்டோ தன் ஒப்பந்தப் பத்திரத்தை இன்னும் இறுக்கியது. தங்கள் விதியை மீறி யந்திரத்தில் கை வைத்தால் அதை நிரந்தரமாக முடக்கிவிடக்கூடும் என்று அமெரிக்கப் பத்திரத்தில் எழுதிக்கொண்டது. வாங்கியவன் வீட்டில் இருக்கும் பொருளைத் தூரத்திலிருந்து செயலிழக்கச் செய்யும் அதிகாரமாம்! நிலத்தை விற்றுப் பணம் வாங்கிய பிறகும் கிணற்றைத் தூர்க்கும் பாத்தியதையைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் ஜமீன்தாரை எங்காவது பார்த்ததுண்டா? இதோ பாருங்கள்.

சட்டத்தில் வைத்த ஓட்டை

ரிப்பேர் உரிமைக்காக அமெரிக்காவில் பல ஆண்டுகள் மக்கள் போராடினார்கள். மின்னணுச் சாமான்களுக்கு உதிரி பாகமும் கருவியும் விளக்கப் புத்தகமும் கொடுத்தே ஆக வேண்டும் என்று மினசோட்டா மாநிலம் 2023-ல் சட்டம் போட்டது. கலிஃபோர்னியாவும் அதே ஆண்டு போட்டது. இரண்டும் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தன. நல்ல சட்டங்கள்தான். ஆனால் உள்ளே ஒரு வரி: வீடியோ கேம் யந்திரங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது! கைபேசிக்கு உண்டு, கம்ப்யூட்டருக்கு உண்டு, ஸ்விட்சுக்கு இல்லை. திரையும் சில்லும் பாட்டரியும் மூன்றிலும் ஒன்றுதான். கேம் கம்பெனிகளின் திருட்டுக் கூப்பாடு சட்டசபைக்குள் செய்த வேலை இது.

ஐரோப்பிய யூனியன் 2023-ல் நிறைவேற்றிய பாட்டரிச் சட்டம் வேறு வழியில் போயிருக்கிறது. கையில் எடுத்துச் செல்லும் சாமான்களின் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று சொல்லி, அதற்கு 2027 பிப்ரவரி 18 என்று நாளும் குறித்திருக்கிறது. பசை போட்டு ஒட்டுவதே விதி என்றவர்கள் சட்டம் வந்தால் ஆணி போட்டு மாட்டுவார்கள். அன்று விஞ்ஞானம் மாறியிருக்காது. கட்டாயம் மட்டும் வந்திருக்கும்.

டிராக்டர் கதை என்ன? ஜான் டீர் டிராக்டர் நின்றுபோனால் கம்பெனி மென்பொருள் இல்லாமல் முழுமையாகச் சரிசெய்ய முடியாதபடி வைத்து, சுதந்திரமான மெக்கானிக்குகளை ஒதுக்குகிறார்கள் என்று அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. குமிழுக்கு மூன்று சிறகு ஆணி. டிராக்டருக்கு மென்பொருள் ஆணி. நம் நாட்டில் மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்காகக் கமிட்டி அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாமான்கள், மோட்டார் வாகனங்கள் என்ற நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. துறைகளின் பெயரை எழுதியது போதாது. அமெரிக்கச் சட்டத்தில் வைத்த ஓட்டை இங்கே வைக்கப்படாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

கூட்டிய கைக்குப் பிரிக்கத் தெரியாதா?

கடைசியாக ஒன்று. "இது நுட்பமான யந்திரம், பாமரனுக்குப் புரியாது" என்கிறார்களே, இதைக் கூட்டுவது யார்? டாக்டர் பட்டம் பெற்றவர்களா? சீனாவில் ஃபாக்ஸ்கான் போன்ற ஒப்பந்தக் கம்பெனிகளின் கொட்டகைகளில் ஆயிரமாயிரம் இளைஞர்களும் பெண்களும் ஒருவர் ஒரு ஆணி, இன்னொருவர் ஒரு நாடா என்று நின்றுகொண்டே பூட்டுகிறார்கள். 14 வயதுப் பிள்ளைகளையும் பயிற்சி மாணவர் என்ற பெயரில் யந்தாய் நகர ஆலையில் வேலை வாங்கியதை 2012 அக்டோபரில் ஃபாக்ஸ்கானே ஒப்புக்கொண்டது. அந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி பூட்டும் பெண் தொழிலாளர்கள், விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் தோழிகள் ஆஸ்பத்திரிக்குப் போனதும், 2021 டிசம்பரில் சென்னை–பெங்களூர் சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்களே, அவர்கள் அதே கம்பெனியின் ஆலைக்கு வேலை செய்தவர்கள்.

அந்தப் பெண்களின் விரல்கள் நாளெல்லாம் பூட்டுகின்றன. பூட்டத் தெரிந்த விரலுக்குக் கழற்றத் தெரியாதா? கம்பெனிக்கு லாபம் வரும்போது தொழிலாளியின் கை கெட்டிக்காரக் கை. தன் பிள்ளையின் பெட்டியைத் திறக்கும்போது அதே கை ஆபத்தான கை! இந்த இரட்டை நாக்கை நாம் ஏற்க முடியாது.

ஆகவே நாம் கேட்பது தெளிவானது. எல்லா யந்திரங்களிலும் சாதாரணத் திருப்புளியால் கழலும் ஆணிகள் போடப்பட வேண்டும். தேயும் பாகங்களும் பாட்டரியும் பசையோ ஈயமோ இல்லாமல் மாற்றும்படி இருக்க வேண்டும். உதிரி பாகங்களும் விளக்கப் புத்தகமும் நியாய விலையில் எவருக்கும், தெருமுனை ரிப்பேர்க்காரருக்கும் கிடைக்க வேண்டும். விற்ற பொருளைத் தூரத்திலிருந்து முடக்கும் அதிகாரம் செல்லாது என்று சட்டம் சொல்ல வேண்டும். வீடியோ கேம் யந்திரத்துக்கு மட்டும் விலக்கு என்ற ஓட்டை இந்திய மண்ணில் எந்தச் சட்டத்திலும் வரக்கூடாது.

தோழர்களே! இது பொம்மைக்கான சண்டை என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். மேல்மிச்சமான காசைச் சேர்த்துப் பிள்ளைக்கு ஒரு பொருள் வாங்கித் தருகிற குடும்பத்துக்கு அது ஒரு முறைதான் வாங்க முடியும். இரண்டாவது முறை வாங்க வைப்பதற்காகவே அதை மூடி வைக்கிறார்கள். பஞ்சாலையில் தேய்ந்த டிராவலரை மாற்றுவது நமக்குத் தெரியும், வயலில் மழுங்கிய கொழுவைத் தீட்டுவது நமக்குத் தெரியும். நம் காசில் வாங்கிய பெட்டிக்குள்ளும் நம் கை போக வேண்டும். மூன்று சிறகு ஆணிக்கும் திருப்புளி உண்டு. அதைக் கையில் எடுக்கும் உரிமையைச் சட்டத்தில் எழுதச் செய்வோம்.